31-வது வாரம்: ராத்திரியானால் உள்ளங்கை அரிப்பு, நெஞ்சு கரிப்பு, தூக்கம் இல்லை. யாருக்காவது இப்படி இருந்ததா?

தேன்மொழி_மன்னை
தோழிகளுக்கு வணக்கம். இத்தனை நாள் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். தலைப்பிரசவம், 31 வாரம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து மன்னார்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

படுத்தால் எதுக்களித்துக்கொண்டு வருகிறது, நெஞ்சு கரிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது, வீடே எழுந்துகொள்கிற மாதிரி கத்திவிடுகிறேன். இடது பக்கம் படுக்கச் சொல்கிறார்கள், படுத்தால் இடுப்பெலும்பு வலிக்கிறது. இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு வாரமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. பகலில் அவ்வளவாக இல்லை, ராத்திரிதான் தாங்கவில்லை. நேற்று சீப்பை எடுத்துப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தடிப்போ கொப்புளமோ ஒன்றும் கிடையாது. "சூட்டு உடம்பு. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகாது" என்று அம்மா வேப்பிலை அரைத்துப் பூசுகிறார்.

அடுத்த செக்கப்புக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அரிப்புக்காக முன்னாடியே போய் நின்றால் டாக்டர் திட்டுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோவை_கவி
வாங்க தேன்மொழி. எனக்கு 26 வாரம். நெஞ்செரிச்சலில் நான் உங்களுக்குச் சீனியர், நாலாம் மாதமே ஆரம்பித்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிட்டேன், அதுவும் இரண்டு இட்லியோ கொஞ்சம் ரசம் சாதமோதான். தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்துதான் வலிக்கும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து மொத்தமாகச் சாய்த்துவிட்டோம். அதில்தான் நிம்மதி. டாக்டரைக் கேட்டு ஜெலுசிலும் வைத்திருக்கிறேன். அதையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாதாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார்.

இடுப்பு வலிக்கு முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணையும் வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டும் வைத்துப் பாருங்கள்.

அரிப்பு எனக்கும் இருக்கிறது, ஆனால் வயிற்றில்தான். தோல் விரிவதால் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

ராஜி_அத்தை
மூன்று பிள்ளை பெற்றவள் சொல்கிறேன் கண்ணு, பயப்படாதே. பித்தம் ஏறினால் அரிக்கத்தான் செய்யும். சீரகத் தண்ணீர் குடி, இளநீர் குடி, எண்ணெய்ப் பண்டம் குறை. எங்கள் காலத்தில் மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். இப்போது ஒரு ஏப்பம் வந்தால்கூட ஸ்கேன் எடுக்கிறார்கள். பாதி நோய் போனைப் பார்த்துப் பார்த்து வருவது.

செவிலி_அக்கா
தேன்மொழி, நான் கிராம சுகாதார செவிலியர், 22 வருடமாக இந்த வேலைதான். 12 நாள் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போ. திட்டினால் திட்டட்டும்.

தடிப்பு இல்லாமல், உள்ளங்கை உள்ளங்காலில் தொடங்கி, ராத்திரியில் கூடுகிற அரிப்பு என்றால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில், அதுவும் கடைசி மூன்று மாதத்தில், சிலருக்குப் பித்தநீர் சரியாக வடியாமல் பித்த அமிலம் ரத்தத்தில் சேரும். ராஜி அம்மா பித்தம் என்று சொன்னது ஒரு வகையில் சரிதான், ஆனால் சீரகத் தண்ணீரில் அடங்குகிற பித்தம் இல்லை இது. இரண்டு ரத்தப் பரிசோதனை கேள்: எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் பரிசோதனை ஒன்று, பைல் ஆசிட் என்கிற பித்த அமிலப் பரிசோதனை ஒன்று. முதலாவது பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டாவதை வெளி லேபுக்கு அனுப்புவார்கள், சில நாள் ஆகும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. அரிப்போடு வருகிற பெரும்பாலானவர்களுக்கு இது இருக்காது. இருந்துவிட்டால் அம்மாவுக்கு அரிப்புத் தொல்லைதான் பெரிது. குழந்தைக்குத்தான் கண்காணிப்பு வேண்டும், பித்த அமிலம் மிகவும் ஏறினால், அதாவது 100-ஐத் தாண்டினால், வயிற்றிலேயே ஆபத்தாகலாம். அதனால்தான் நாளைக்கே என்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கும் "இப்படித்தான்" இருந்தது என்றாயே, அவருக்கும் உள்ளங்கை உள்ளங்காலில்தானா? ராத்திரியிலா? எந்த மாதத்தில் வந்தது? பிரசவம் ஆனதும் போய்விட்டதா? கேட்டு எழுது. இது குடும்பத்தில் வரக்கூடியது. அம்மாவுக்கு இருந்தது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ நாளை வரைக்கும்கூடப் பார்க்காதே.

கோவை_கவி
அக்கா, அப்படியானால் என் வயிற்று அரிப்பு?

செவிலி_அக்கா
தோல் விரிந்த வரிகளின் மேல் சிவப்புத் தடிப்பு இருக்கிறதா? இருந்து, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவைத்திருந்தால் அது வேறு, தோல் சம்பந்தப்பட்டது. அரிக்கும், ஆனால் குழந்தையை ஒன்றும் செய்யாது. தடிப்பே இல்லை, தோல் வறண்டு இழுக்கிறது என்றால் தேங்காய் எண்ணெய் போதும். அடுத்த செக்கப்பில் காட்டு.

அப்பாவாகப்_போகிறவன்
ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு 29 வாரம், அவளுக்கும் கெண்டைக்கால் பிடிக்கிறது. நான் காலைப் பிடித்து அமுக்கினால் இன்னும் கத்துகிறாள். என்னதான் செய்வது?

ரெண்டாவது_ரவுண்டு
தாராளமாக எழுதலாம் தம்பி, எழுத வேண்டியவர்கள் எழுதுவதில்லை என்பதுதான் குறை. அமுக்காதீர்கள். முட்டியை நீட்டச் சொல்லி, பாதத்தைப் பிடித்து விரல்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி மெதுவாக மடக்குங்கள். அரை நிமிடத்தில் விடும். விட்டபிறகு வெந்நீர் ஒத்தடம். படுக்குமுன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைச் சதையை இழுத்துவிட்டால் வருவதே குறையும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, விடாமல் வலித்தால் அது குரக்குவலி இல்லை, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். என் ஓரகத்திக்கு அப்படி ஆனது. உடனே போய்விட்டார்கள், ஊசி போட்டுச் சரியானது.

பூங்கொடி_புதுகை
இங்கே ஒரு விஷயம் கேட்க வெட்கமாக இருக்கிறது. 22 வாரம். எனக்குப் பச்சரிசி தின்னாமல் இருக்க முடியவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு கை வாயில் போட்டால்தான் அடங்குகிறது. விபூதி வாசனை வந்தால் அதையும் தின்னத் தோன்றுகிறது. மசக்கை ஆசை, கொடுத்துவிடு என்கிறார் மாமியார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் அது எல்லோருக்கும் இருப்பதுதானே?

செவிலி_அக்கா
வெட்கப்பட ஒன்றும் இல்லை பூங்கொடி, நான் பார்க்காத அரிசி டப்பாவா? அட்டையில் கடைசியாக ஹெச்.பி., அதுதான் ஹீமோகுளோபின், எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்?

பூங்கொடி_புதுகை
8.6 அக்கா. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் ஆகிறது.

செவிலி_அக்கா
அரிசி, சாம்பல், சாக்பீஸ், மண் எல்லாம் தின்னத் தோன்றுவது பல நேரம் இரும்புச்சத்து குறைந்ததற்கு அடையாளம். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. நீ நடுவில் நிற்கிறாய்.

மலம் கறுப்பது மாத்திரையால்தான், அது ரத்தம் இல்லை. கிராமத்தில் முக்கால்வாசிப் பேர் மாத்திரையைப் பரணில் போடுவதற்குக் காரணமே இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான். நானும் வேலைக்கு வந்த புதிதில் பட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியவள்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு. வயிற்றைப் பிரட்டினால் படுக்கப்போகும்போது போடு. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். டீ, காபி, பால் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். கால்சியம் மாத்திரையைக் காலையில் வைத்துக்கொள், இரண்டையும் ஒரே வாயில் விழுங்கினால் இரும்பு வீண். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, கொய்யா. இவ்வளவு செய்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது, அதைக் கேள். இந்த வாரமே போய், ஒரு மாதமாகப் போடவில்லை என்று உண்மையைச் சொல். பொய் சொன்னால் "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று வேறு வழியில் போய்விடுவார்கள்.

ராஜி_அத்தை
முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் போதாதா?

செவிலி_அக்கா
சாப்பிடட்டும் அம்மா, நல்லதுதான். ஆனால் 8.6-ஐக் கீரை மட்டும் பிரசவத்துக்குள் 11 ஆக்காது. பிரசவத்தில் ரத்தம் போகும்போதுதான் இந்தக் கணக்கு தெரியும். எங்கள் காலத்தில் என்று நீங்கள் சொல்கிற காலத்தில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் மரணம், இந்தியா முழுக்கப் பார்த்தால் 97. அது சும்மா குறையவில்லை.

ராஜி_அத்தை
சரி சரி. நான் கீரை வேண்டாம் என்று சொல்லவில்லை, மாத்திரை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தேன்மொழி_மன்னை
போய்விட்டு வந்தேன். டாக்டர் திட்டவில்லை, "ஏன் ஒரு வாரம் பொறுத்தாய்" என்றுதான் கேட்டார். கல்லீரல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 128 இருக்கிறது, நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். பைல் ஆசிட் முடிவு நாலு நாளில் வரும்.

அம்மாவிடம் கேட்டேன் அக்கா. அவருக்கும் எட்டாம் மாதத்தில்தான், கையிலும் காலிலும்தான், ராத்திரியில்தான். நான் பிறந்த இரண்டாம் நாள் போய்விட்டதாம். அப்புறம் என் தங்கையைச் சுமந்தபோதும் வந்திருக்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, "அதுதான் சொன்னேனே, எனக்கும் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்கிறார். டாக்டர் அதைக் கேட்டதும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

யாழினி_யாழ்ப்பாணம்
நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன், 33 கிழமை. தேன்மொழி, முடிவு வரும் வரைக்கும் பிள்ளை துடிப்பை எண்ணுகிறீர்களா? எங்கள் கிளினிக்கில் அதற்கு ஒரு அட்டை தருவார்கள், ஒவ்வொரு நாளும் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். மிட்வைஃப் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பா, பிறகுதான் கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமா சாப்பிட்டதா என்ற விசாரணை.

போன மாதம் ஒரு நாள் பின்னேரம் துடிப்புக் குறைந்த மாதிரி இருந்தது. மாமி குளிர்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னா. நான் போய்விட்டேன். நெஞ்சுத் துடிப்பு பட்டி கட்டிப் பார்த்தார்கள், பிள்ளை நல்ல சுகம். வீணாக வந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். "நூறு தரம் வீணாக வாங்கோ" என்றா அந்த நர்ஸ்.

ரெண்டாவது_ரவுண்டு
எண்ணுவது எப்படி என்று புதியவர்களுக்காக: சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து, உதை, உருளல் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். விக்கல் கணக்கில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்துவிட வேண்டும். பெரும்பாலும் அரை மணியிலேயே வந்துவிடும். "நிறைமாதத்தில் இடம் இல்லாததால் குழந்தை அசைவது குறையும்" என்று உங்கள் தெருவில் ஒருவராவது சொல்வார். நம்பாதீர்கள். உதையின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது.

கோவை_கவி
நடுவில் என் புலம்பல். நாளைக்கு எனக்கு குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்ட், இரண்டாம் முறை. முதல் முறை 12-வது வாரத்தில் குடித்து வாந்தி எடுத்து, மறுநாள் திரும்பக் குடித்தேன். நினைத்தாலே குமட்டுகிறது. வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது, எதற்கு மறுபடியும்?

செவிலி_அக்கா
ஏனென்றால் முதல் தடவை சரியாக இருந்தவர்களுக்கும் 24 முதல் 28 வாரத்துக்குள் ஏறும். நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது அப்போதுதான் அதிகமாகிறது. நல்லவேளையாக நம் ஊரில் வெறும் வயிறு தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம், 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டே போகலாம் என்கிற இந்த முறைக்காகப் போராடியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிற கர்ப்பிணியைப் பட்டினியாக வரச்சொன்னால் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மெதுவாக, ஐந்து நிமிடத்துக்குள் குடி, மடக்கென்று ஊற்றாதே. அரை மணிக்குள் வாந்தி வந்தால் சொல்லிவிடு, மறுநாள் வைப்பார்கள்.

தேன்மொழி_மன்னை
முடிவு வந்துவிட்டது. பைல் ஆசிட் 46. அக்கா சொன்னதேதான். அர்சோ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம், கூடாமல் இருந்தால் 37 வாரம் முடிந்ததும் வலி வரவைத்துப் பிரசவம், அது வரைக்கும் அசைவை எண்ண வேண்டும். மாத்திரை அரிப்பைக் குறைக்கும், ஆனால் குழந்தைக்குக் கண்காணிப்புதான் காவல் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். அம்மா வேப்பிலை அம்மியைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அரிப்புக்கு இப்போதைக்கு உதவுவது: படுக்குமுன் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் கால், மெல்லிய பருத்தித் துணி, நகத்தை ஒட்ட வெட்டியது, மின்விசிறிக்கு நேராகப் படுக்கை. கேலமைன் லோஷனைக் குளிர்பெட்டியில் வைத்துத் தடவினால் ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

அப்பாவாகப்_போகிறவன்
கால் மடக்கும் வித்தை வேலை செய்தது, நன்றி. இன்னொன்று. இரண்டு நாளாக அவளுக்குத் தலைவலி, மாத்திரை போட்டும் போகவில்லை. முகம் கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கிறது. தூக்கம் இல்லாததால்தானே?

செவிலி_அக்கா
தம்பி, இதைப் படித்தவுடன் கிளம்பு. பதில் எழுத வேண்டாம். பி.பி.யும் சிறுநீரில் உப்பும், அதாவது புரதமும், பார்க்க வேண்டும். கண் மங்கினாலோ மேல்வயிறு வலித்தாலோ வண்டி தேடாதே, 108-ஐக் கூப்பிடு.

அப்பாவாகப்_போகிறவன்
அட்மிட் செய்திருக்கிறார்கள். பி.பி. 150/100, சிறுநீரில் உப்பு இரண்டு ப்ளஸ். மாத்திரையில் இறங்குகிறது. குழந்தை நன்றாக இருக்கிறது. முந்தாநாள் ஒரு மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கியபோது கர்ப்பிணிக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

பூங்கொடி_புதுகை
தகவலுக்காக: படுக்கும்போது மாத்திரை, காலையில் கால்சியம், ஐந்து வாரம் ஆகிறது. ஹெச்.பி. 10.1. அரிசி டப்பா பக்கம் போகத் தோன்றவில்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

தேன்மொழி_மன்னை
37 வாரம் 3 நாளில் பெண் குழந்தை, 2 கிலோ 700. வலி வரவைக்க ஜெல் வைத்தார்கள், பதினாறு மணி நேரம், சுகப்பிரசவம். கடைசி ஸ்கேனில் கொடி ஒரு சுற்று கழுத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், ஊரே ஆப்பரேஷன்தான் என்றது. நாலில் ஒரு குழந்தைக்கு அப்படி இருக்கும், கழற்றிவிட்டு எடுப்போம் என்றார் டாக்டர், அப்படியே செய்தார். அரிப்பு மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கீறல் தழும்புதான் மிச்சம்.

பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கேட்டார்கள், அட்டையிலேயே இருந்தது.

செவிலி_அக்கா
மகிழ்ச்சி கண்ணு. ஆறு வாரத்தில் கல்லீரல் பரிசோதனையை இன்னொரு முறை பார்த்துவிடு. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பதாக இருந்தால் உனக்கு இது இருந்ததைச் சொல்லிவிட்டு எடு. அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம், முதல் செக்கப்பிலேயே அட்டையில் எழுதச் சொல். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

தேன்மொழி_மன்னை
தை மாதம் அக்கா. அம்மாவே அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பைல் ஆசிட் என்கிற வார்த்தையோடு.

ராஜி_அத்தை
நல்லா இரு கண்ணு. குழந்தைக்குத் திருஷ்டி கழி. அப்புறம் ஒன்று, பத்தியம் என்று உனக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைத்தால் கேட்காதே. பச்சை உடம்பு, நீர் கோத்துக்கொள்ளும் என்று என் மாமியார் எனக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தான் கொடுத்தார். மூன்று பிள்ளைக்கும் அப்படித்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி எழுந்து குளியலறை வாளியிலிருந்து அள்ளிக் குடித்திருக்கிறேன். நீ வயிறு நிறையக் குடி.